சுவருக்கு முன்னால் ஒரு வரிசை

மறுவூரில் எல்லாமே இருந்தது. அந்த ஊரைப் பிடித்த சனியே அதுதான்.

கணினிக்குள் கட்டிய ஊர் அது, மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால் போதும். கடலைப் பார்த்த வீடு வேண்டுமென்றால் கிடைக்கும், மலையைப் பார்த்த வீடு வேண்டுமென்றாலும் கிடைக்கும், இரண்டும் வேண்டும் என்று அடம்பிடித்தால் சன்னலுக்கு ஒரு காட்சியாக வைத்துக் கொடுப்பார்கள். தொப்பை கரையும், வழுக்கையில் முடி முளைக்கும். கோயிலுக்குப் போனால் சாமி உங்களுக்கு மட்டும் தனியாகத் தரிசனம் கொடுக்கும். பக்கத்தில் நிற்பவருக்கும் அதே நேரத்தில் தனியாகக் கொடுக்கும். இத்தனையையும் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்து சிலர் மாங்கு மாங்கென்று தயாரித்துக்கொண்டிருந்தார்கள். சனங்கள் வந்தார்கள். முதல் வாரம் வாயைப் பிளந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் படம் அனுப்பினார்கள். இரண்டாவது வாரம் கொட்டாவி விட்டார்கள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி அலமாரிமேல் பழைய இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரனிடம் இல்லாதது நம்மிடம் இருந்தால்தானே அது சொத்து? மறுவூரில் அடுத்த வீட்டுக்காரனிடமும் எல்லாம் இருந்தது.

கார்வேந்தன் அந்த நான்காவது மாடியில் பராமரிப்புப் பொறியாளன். பெயரில்தான் வேந்தன். வேலை என்னவோ மறுவூரின் சுவர்கள் பிளக்காமலும் மரங்கள் தரையை விட்டு ஒரு முழம் மேலே மிதக்காமலும் பார்த்துக்கொள்வது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சந்தைத் தெருவின் கோடியில் புதிதாக எழுப்பிய சுவர் ஒன்றின் முன்னால் தரை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, சோதனைப் பொம்மைகள் சிலவற்றை வரிசையாக நிறுத்தினான். வேட்டி, சேலை, பேன்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு உடுப்பு. எல்லாம் சுவரைப் பார்த்து, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றன. அந்த நேரம் பார்த்து, கேண்டீனில் அரிசிபருப்புச் சாதம் தீரப்போகிறது என்று யாரோ குரல் கொடுக்க, நின்ற பொம்மைகளை நின்றபடியே விட்டுவிட்டு ஓடினான்.

ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது பொம்மைகளுக்குப் பின்னால் நிஜ ஆட்கள் நின்றார்கள். வரிசை சந்தைத் தெருவைத் தாண்டிக் குளக்கரைவரை போயிருந்தது.

நம் சனங்களுக்கு ஒரு குணம் உண்டு. வரிசை ஒன்றைக் கண்டால் முதலில் நின்றுவிட வேண்டும், எதற்கு என்பதை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். விசாரித்துவிட்டு நிற்கலாம் என்று நினைப்பவன் பிழைக்கத் தெரியாதவன். அதற்குள் நாலு பேர் முந்திவிடுவார்கள்.

"முன்னால என்னங்க குடுக்கறாங்க?" என்று வால் பக்கத்தில் ஒருவர் கேட்டார்.

"தெரியலீங்க. ஒண்ணுமில்லாமயா இத்தன பேரு நிப்பாங்க? நில்லுங்க, நில்லுங்க. பின்னால ஆளு வருது பாருங்க."

கார்வேந்தன் அவசரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பொம்மைகளை அழித்துவிடலாம் என்று விசைப்பலகையில் கை வைத்தான். அவனுடைய மேலாளர் சர்வேஸ்வரன் பின்னால் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது.

"கைய எடுங்க, கார்வேந்தன்."

"சார், தப்பு நடந்துபோச்சு. சோதனைக்கு நிறுத்தினது..."

"கைய எடுங்கன்னேன்." சர்வேஸ்வரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடல் குடுத்தோம், யாரும் நிக்கல. சொர்க்கம் மாதிரி தோட்டம் குடுத்தோம், நிக்கல. நீங்க ஒரு சுவரக் குடுத்தீங்க. பாருங்க, நிக்கறாங்க."

"வரிசை நகராதே சார். முன்னால நிக்கறது பொம்மைங்க."

"நகர்ந்தா தீர்ந்துடும்ல?"

அந்த மாதமே கார்வேந்தனுக்குப் பதவி உயர்வு வந்தது. வரிசைத் துறைத் தலைவர் என்று மேசையில் பலகை வைத்தார்கள். இனிப்பும் கொடுத்தார்கள்.

ஆடியில் தொடங்கிய வரிசை ஐப்பசியில் ஊரையே மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. வதந்திக்குக் கால் முளைக்கச் சொல்லித்தரவா வேண்டும்? மறுவூரில் நிரந்தரப் பட்டா கொடுக்கிறார்களாம். இல்லை, செத்த பிறகும் உள்ளேயே இருந்துகொள்ள அனுமதிச் சீட்டாம். அதெல்லாம் இல்லை, நல்ல பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. விண்ணப்பமாம். கடைசிச் செய்தியைக் கேட்டதும் கல்யாணமே ஆகாத பையன்கள்கூட வந்து நின்றார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போக வேண்டியவர்கள் தங்கள் இடத்தில் செருப்பை விட்டுவிட்டுப் போனார்கள். மறுவூரில் யாருக்கும் கால் வலிக்காது, முள் குத்தாது, செருப்பே தேவையில்லை. ஆனாலும் வரிசையில் விட்டுவிட்டுப் போவதற்கென்றே செருப்பு வாங்கினார்கள். செருப்பு நின்றால் ஆள் நின்ற கணக்கு. அதை ஒருவரும் நகர்த்தவில்லை, தாண்டவில்லை. நிஜ ஊரில் பேருந்து வந்தால் சன்னல் வழியாகத் துண்டு வீசி இடம் பிடிக்கிற அதே சனங்கள்தான், இங்கே அடுத்தவர் செருப்புக்குக் காவல் நின்றார்கள். இந்த ஒழுக்கத்தைப் பார்த்துக் கார்வேந்தனுக்கே ஒரு கணம் கண் கலங்கியது.

அப்புறம் ஒருநாள், பொம்மைகளை ஒட்டி முதல் ஆளாக நிற்பது யார் என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். அவன் மனைவி கோகிலவாணி.

கோகிலவாணி பீளமேட்டில் ஒரு நூல் வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். முதலாளியின் அக்கா மகன் நேற்று வந்தான், இன்றைக்கு அவளுக்கு மேலதிகாரி. வரவுக்கு எந்தப் பக்கம், செலவுக்கு எந்தப் பக்கம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். குடிநீர் இணைப்புக்கு மனுக் கொடுத்தால் அவளுக்குப் பின்னால் கொடுத்தவர் வீட்டில் தண்ணீர் வரும். கல்யாணப் பந்தியில் அவள் உட்காரும் வரிசைக்கு வரும்போது பாயசம் தீர்ந்திருக்கும். கார்வேந்தன் நேர் எதிர். எங்கே போனாலும் உள்ளே ஒரு தெரிந்த ஆளைப் பிடித்து, பக்கவாட்டுக் கதவால் போய் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவான். ஒருமுறை அவளுக்கு வயிற்றில் கட்டி என்று ஸ்கேன் எடுக்கப் போனபோது, உள்ளே தெரிந்தவர் இருக்கிறார் என்று அவளைக் கூப்பிட்டான். "எனக்கு முன்னால வந்தவங்கல்லாம் உக்காந்திருக்கறாங்க. நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம்வரை வலியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் அவனுக்கு அப்போது கோபம்தான் வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் சாப்பாட்டு வேளையில் மறுவூருக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். வரிசையைக் கண்டதும் நின்றுவிட்டாள். அன்றிலிருந்து வேலைக்கு அரைச் சம்பள விடுப்பு. வீட்டுக் கூடத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றபடியே இருந்தாள். அவள் கண்ணாடியோடு நிற்பது அவனுக்குத் தெரியும், மறுவூரில் எங்கே நிற்கிறாள் என்பதுதான் தெரியாது.

"நாந்தானுங்க முதல்ல" என்று சொல்லிச் சிரித்தாள், அவன் கேட்டபோது. "அந்த முன்னால நிக்கறவங்க போனாங்கன்னா அடுத்தது நானு. எனக்குப் பின்னால ரெஜினான்னு ஒரு அக்கா, திண்டுக்கல்லு. நானு சமைக்கப் போனா அவங்க எஞ்செருப்பப் பாத்துக்குவாங்க. ஒருத்தரும் ஊடால பூரலீங்க. இத்தன மாசத்துல ஒருத்தருங்கூட."

அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. சொல்லிவிடலாம் என்று திறந்த வாயை மூடிக்கொண்டான். அலுவலக ரகசியம் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். உண்மையில் பயம். இலவு காத்த கிளியிடம் போய் உள்ளே பஞ்சுதான் என்று யார் சொல்வது?

கார்த்திகையில் சர்வேஸ்வரன் எல்லாரையும் கூட்டி வைத்து ஒரு திட்டத்தைச் சொன்னார். தனி வழி. கட்டணம் கட்டினால் பொது வரிசையைத் தாண்டி நேராக முன்னால் போய்விடலாம். "பணம் கட்டினவங்க பொம்மையோட பிடரியப் பாத்துட்டு நிக்க முடியாது. அதனால பொம்மைங்கள எடுத்துடறோம். தனி வழில பத்துப் பேர் போனா, பொது வழில ஒருத்தர்."

கார்வேந்தன் எழுந்தான். "சார், முன்னால போய்ச் சேர்றவங்களுக்கு என்ன குடுக்கறது? அங்க வெறும் சுவருதான் இருக்கு."

 இத்தனை மாதத்தில் அதை யாரும் யோசிக்கவில்லை என்பது எல்லார் முகத்திலும் தெரிந்தது. விளம்பரப் பிரிவு பரிசாக ஒரு சாவி வளையம் கொடுக்கலாம் என்றது. சட்டப் பிரிவு எதைக் கொடுத்தாலும் வழக்கு வரும் என்றது.

"எத வெச்சாலும், இதுக்குத்தானா நின்னோம்னு கேப்பாங்க" என்றார் சர்வேஸ்வரன். "இப்போதைக்கு ஒண்ணும் வேணாம். மத்தத அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்."

மறுநாள் காலை, தோசைக்கு நடுவில், கார்வேந்தன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பொம்மைகள், அரிசிபருப்புச் சாதம், சுவர், ஒன்றையும் விடவில்லை. அவள் தோசைத் திருப்பியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எனக்கு முன்னால இத்தன மாசமா நிக்கறாங்களே, அவங்க மனுசங்க இல்லீங்களா?"

"பொம்மை, கோகிலா. நான் நிறுத்துன பொம்மை."

"உங்க ஆபீசுல உங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிப்போடுவாங்களாக்கும்? சுவத்துக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அந்தப்பக்கம்னு ஒண்ணே கிடையாது. நான் கட்டுன சுவரு அது. நீ மறுபடி வேலைக்குப் போ."

"நீங்க என்னிக்காச்சும் ஒரு வரிசையில நின்னிருக்கீங்களா?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "இப்ப பணக்காரங்கள உள்ள விடப் போறீங்க. அதுக்கு, முன்னால நிக்கற நானு எடஞ்சல். அதான?"

ஒரு பொய்யைக் கட்டி எழுப்பியவனே வந்து அது பொய் என்று சொன்னால்கூட ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பதைக் கார்வேந்தன் அன்று தெரிந்துகொண்டான். தோசை கருகியிருந்தது. அதைத்தான் தின்றுவிட்டுப் போனான்.

தனி வழி திறந்த அன்று நான்காவது மாடியில் எல்லாரும் பெரிய திரைக்கு முன்னால் கூடினார்கள். பொம்மைகள் மறைந்தன. வரிசை முழுவதும் ஓர் அலை மாதிரி "நகருது, நகருது" என்று ஓடியது. முதலில் வந்தவர் திருப்பூரில் இரண்டு நகைக்கடை வைத்திருக்கும் சென்னியப்பன். மறுவூரில் இருபது வயது இளைஞனாக உருவம் எடுத்திருந்தார், மீசையை மட்டும் விடவில்லை. பொது வரிசையைக் கம்பீரமாகக் கடந்துபோய்ச் சுவரின் முன்னால் நின்றார்.

அவர் முகத்தைக் கார்வேந்தன் திரையில் பெரிதாக வைத்திருந்தான். சென்னியப்பன் சுவரைப் பார்த்தார். தொட்டார். இடதும் வலதும் பார்த்தார். தட்டியும் பார்த்தார். பின்னால் ஊரே நிற்கிறது. கட்டிய பணமோ வீட்டுக்குத் தெரியாமல் எடுத்தது. மெதுவாக வலது கையை மூடிக்கொண்டார். மார்பில் வைத்துக்கொண்டார். திரும்பினார்.

"கிடைச்சுதுங்களா?" என்று பல குரல்கள் கேட்டன.

"ம். கிடைச்சுது." முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

 அடுத்தவர் போனார், ஒரு கண் மருத்துவர். அவரும் கையை மூடிக்கொண்டு திரும்பினார். அதற்கடுத்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பத்துப் பேரும் போனார்கள், பத்துப் பேருக்கும் கிடைத்தது. ஏமாந்தேன் என்று ஒத்துக்கொள்வதைவிடக் கிடைத்தது என்று சொல்வது எவ்வளவு மலிவு என்று சர்வேஸ்வரன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு பொது வரிசையில் முதல் ஆள். கோகிலவாணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். சுவரின் முன்னால் போய் நின்றாள்.

அவள் தட்டவில்லை, தொடவில்லை. கை கட்டி நின்றாள். நெடுநேரம் அப்படியே நின்றாள். பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. கார்வேந்தன் திரைக்கு அருகில் போனான். அவளும் கையை மூடிக்கொண்டு திரும்பிவிட்டால் தேவலை என்று வேண்டிக்கொண்டான். ஆனால் பொய் சொல்வதும் ஒரு பக்கவாட்டுக் கதவுதானே, அவளுக்கு அது பழக்கமில்லை.

திரும்பினாள். கைகளை விரித்துக் காட்டினாள். "ஒண்ணுமில்லீங்க. வெறுஞ் சுவருதான் இருக்குது."

 ரெஜினா முதலில் வாயைத் திறந்தாள்.

"அவங்க பத்துப் பேருக்கும் கெடைச்சுச்சே, கோகிலா?"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா."

"அப்ப பொது வரிசைக்குத்தான் ஒண்ணுமில்ல" என்றார் பின்னால் ஒருவர்.

அந்த ஒரு வாக்கியம் மூன்று சுற்று வரிசையையும் ஒரு நிமிடத்தில் சுற்றி வந்தது. பொதுவுக்கு இல்லையாம், தனி வழிக்குத்தானாம். எப்போதும் நடப்பதுதானே, இங்கே மட்டும் மாறுமா? அதுவரை ஒருவர் செருப்பை ஒருவர் காத்தவர்கள், காத்த செருப்புகளை மிதித்துக்கொண்டு தனி வழிக்குப் பணம் கட்டும் சாளரத்துக்கு ஓடினார்கள். ரெஜினாவும் ஓடினாள். கோகிலவாணியின் செருப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

நான்காவது மாடியில் கைதட்டல். "உங்க வீட்டம்மாவா அது?" என்று சர்வேஸ்வரன் கேட்டார். "விளம்பரத்துக்குக் கோடி குடுத்தாலும் இப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டாங்க, கார்வேந்தன்."

அன்று மாலை கார்வேந்தன் சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். இனியாவது தன்னை நம்புவாள், சேர்ந்து உட்கார்ந்து அழலாம், பிறகு சிரிக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். அவள் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அந்தப் பத்துப் பேருக்கும் என்ன குடுத்தாங்க?"

"யாருக்கும் ஒண்ணும் குடுக்கல, கோகிலா. நீதான் பாத்தியே."

"நானு அவங்க முகத்தப் பாத்தனுங்க." கண்ணாடியைக் கீழே வைத்தாள். "நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லலீங்க. எனக்கு அங்க ஒண்ணுமில்லீங்கறது நெசந்தான். எனக்கு எங்கதான் இருந்துது?"

அவனுக்கு அந்த நகைக்கடைக்காரரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அப்புறம் தன் கழுத்தை.

"என்ன கிடைக்கும்னு நெனச்சுட்டு நின்னே?" என்று கேட்டான். இத்தனை மாதத்தில் அவன் அவளிடம் கேட்காமல் விட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"பெருசா ஒண்ணுமில்லீங்க. பட்டா, கிட்டான்னு அவங்கவங்க பேசிக்குவாங்க. நானு காதுல வாங்குனதில்ல." கொஞ்சம் தயங்கினாள். "அடுத்தது நீங்கதாங்க, வாங்கன்னு ஒரு ஆளு கூப்புடுவாங்கன்னு இருந்தேன். அவ்வளவுதான். ஒருத்தருமே இல்ல." பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "ஆபீசுல சொல்லி என்னையத் தனி வழியில உடச் சொல்றீங்களா?"

ஸ்கேன் அறை வாசலில் வலியோடு உட்கார்ந்திருந்தவள் இதைக் கேட்டாள். 

மறுநாள் சர்வேஸ்வரனிடம் போய், சுவரில் ஒரு குரலை வைக்க வேண்டும் என்று கேட்டான். பொது வரிசையில் யார் முன்னால் வந்தாலும் மரியாதையாகக் கூப்பிடும் குரல், வேறெதுவும் இல்லை. அரை நாள் வேலை.

சர்வேஸ்வரன் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். "பிரமாதம். தனி வழிக்கு மட்டும் வெச்சிடுங்க."

"பொது வரிசைக்கு, சார்..."

"பொதுவுக்கும் குடுத்துட்டா தனி எதுக்கு? குரலுக்கு வெளியாள் வேணாம், செலவு. உங்க குரலே நல்லாத்தான் இருக்கு, நீங்களே பேசிடுங்க. வீட்டம்மாவ ஊழியர் ஒதுக்கீட்டுல சேத்துக்கலாம்."

மாதச் சம்பளக்காரன். பேசினான். கண்ணை மூடிக்கொண்டு, அவள் எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு, "அடுத்தது நீங்கதாங்க, வாங்க" என்று ஒலிவாங்கியில் பேசினான். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி குளித்து, பட்டுச்சேலை கட்டி, கூடத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றாள். கார்வேந்தன் சமையலறை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நாலடி நடந்தாள். நின்றாள். ஏதோ காதில் விழுந்ததுபோல் தலையைச் சாய்த்தாள். உதடு துடித்தது. பிறகு வலது கையை மெதுவாக மூடி மார்பில் வைத்துக்கொண்டாள்.

கண்ணாடியைக் கழற்றியபோது முகம் ஈரமாக இருந்தது, பிரகாசமாகவும் இருந்தது.

"கிடைச்சுதா?" என்றான். குரல் கொஞ்சம் பிசிறியது.

"ம். கிடைச்சுதுங்க." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆரோ ரொம்ப நல்ல மனுசனுங்க. எத்தன மருவாதையாக் கூப்புட்டாரு தெரியுமா? அந்த மாதிரி ஒரு குரல நானு கேட்டதே இல்லீங்க."

"அப்படியா" என்றான் கார்வேந்தன்.